சூடானால் மறையும் சத்தம்

டிக்... டிக்... டிக்...

"அடப் பாவி... இன்னிக்குமா?"

தேவயானி தன் நாலு சக்கர ஷேர் ஆட்டோவின் ஸ்டீரிங் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். திருச்சானூர் ஸ்டாண்டில் இன்னும் சரியாக விடியவில்லை. ஐப்பசி மழை விட்டேனா பார் என்று பெய்துகொண்டிருந்தது. அவளுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மழையில் நனைந்துகொண்டே அழுதால் யாருக்கும் தெரியாதாம்... வண்டிக்குள் உட்கார்ந்து அழுதால் தெரியுமே! உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் அவன் தலைமேல் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தான். கேட்காமல் கொள்ளாமல் முன் சீட்டில், அவளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான்.

"ரேணிகுண்டா ரோடு போவுமாங்க?"

"போவும். பின்னால போய் உக்காருங்க. இந்த சீட்டு நனையுது."

"பின்னால ஒழுவுதுங்க."

ஒழுகுகிறதுதான். அதை இவன் சொல்லிக் காட்ட வேண்டுமா? முறைத்தாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்... இமை முழுக்க மழைத்துளி. ஆண்பிள்ளைக்கு எதற்கு இத்தனை நீள இமை? அநியாயம்! அந்த எரிச்சலில் கியரைப் போட்டாள்.

கொஞ்ச தூரம் போயிருப்பார்கள். அவன் தலையைச் சாய்த்து எதையோ உற்றுக் கேட்டான்.

"ஏங்க... டிக் டிக்னு ஒண்ணு அடிக்குதே. டேப்பட்டா?"

தேவயானி சட்டென்று திரும்பினாள். "உங்களுக்குக் கேக்குதா? நெஜமா கேக்குதா?"

"கேக்குதுங்க. இந்த சீட்டுக்குக் கீழ தான இன்ஜினு?"

அவ்வளவுதான்... அடக்கி வைத்திருந்த கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது.

சிரிக்காதீர்கள். உங்களுக்குக் கேட்பது வேறு ஒருவருக்கும் கேட்காமல், பைத்தியக்காரி பட்டம் வாங்கிப் பாருங்கள்... அப்போது தெரியும். ஆனி மாதத்தில் நடுரோட்டில் இன்ஜின் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. ஷெட்டில் இறக்கி, சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, பிஸ்டன், ரிங்கு, ஹெட்டு என்று மொத்தமும் பார்த்து மாட்டினார்கள். அன்றிலிருந்து காலையில் ஸ்டார்ட் பண்ணினால் டிக் டிக். அவள் பதறிக்கொண்டு ஷெட்டுக்கு ஓட்டிப்போவாள். போய் நிற்பதற்குள் சத்தம் செத்துப்போயிருக்கும்! வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆள், "ஏமம்மா, சவுண்டே லேது! மொதல்ல போய் உன் காத காட்டு" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நைனா ஆதிநாராயணன் இதே வண்டியை வருஷக்கணக்காக ஓட்டியவர், இடுப்பு எலும்பு முறிந்து வீட்டோடு கிடக்கிறார். அவரும் "புது பிஸ்டன் அப்டித்தான் இருக்கும்மா, உடு" என்றுவிட்டார்.

அம்மா செங்கம்மா மட்டும் விடவில்லை. "இந்த வண்டி இன்னொரு தபா படுத்துச்சுனு வெச்சிக்க... வித்துப்புட்டு ஜெயபிரகாஷுக்கு உன்ன கட்டி வெச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டாள். ஜெயபிரகாஷ் தாய்மாமன் மகன். சித்தூரில் மாம்பழக் கூழ் ஃபாக்டரியில் சூப்பர்வைசர். கெட்டவன் இல்லை. ஆனால் கல்யாணத்துக்கு அப்புறம் அவள் ஸ்டீரிங்கைத் தொடக்கூடாது என்று இப்போதே உத்தரவு போட்டாயிற்று. தேவயானிக்கு அந்த வண்டிதான் மூச்சு. மனசு அப்படி என்றால் என்ன செய்வது?

அதனால்தான், "கேக்குதுங்க" என்ற அந்த ஒரு வார்த்தைக்கு அவள் உருகிப் போனாள்.

"நீங்க மெக்கானிக்கா?" கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஆமாங்க. ரேணிகுண்டா ரோட்ல... நீல ஷட்டர் போட்ட பெரிய ஷெட்டு."

பிரேக்! பின்னால் இருந்த யாத்திரைக்காரர்கள் கோவிந்தா கோவிந்தா என்று அலறினார்கள்.

"எறங்குங்க."

"ஏங்க, மழ..."

"அந்த ஷெட்டுக்காரன் எவனும் என் வண்டில ஏறக் கூடாது. எறங்குங்கன்னா எறங்குங்க!"

அவன் இறங்கினான். கோபப்படவில்லை. கொட்டுகிற மழையில் நின்றுகொண்டு, "காலைல மட்டும் வருது, சூடானா போயிடுது... அப்டித் தான?" என்று கேட்டான். அவள் வண்டிச் சக்கரத்தால் சேற்றை வாரி அவன் மேல் அடித்துவிட்டுப் போனாள். ஆனால் போகிற வழியெல்லாம் அதே கேள்வி. எப்படித் தெரிந்தது இவனுக்கு?

மறுநாள் அவள் ஸ்டாண்டுக்கு வரும் முன்பே அவன் அங்கே நின்றிருந்தான். கையில் நீளமான ஸ்க்ரூ டிரைவர்.

"குத்த வந்தீங்களா?"

"கேக்க வந்தேங்க." ஸ்க்ரூ டிரைவரை நீட்டிக் காட்டினான். "ஒரே ஒரு நிமிஷம் சீட்டத் தூக்குங்க. அப்பறம் சேத்த வாரி அடிங்க, நின்னு வாங்கிக்கறேன்."

சிரிக்கக் கூடாது என்று நினைத்தாள். உதடு கேட்கவில்லை. சீட்டைத் தூக்கினாள். அவன் ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற இன்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"நீங்களும் கேளுங்க. பயப்படாதீங்க, கடிக்காது."

குனிந்தாள். அவன் பிடித்திருந்த கைப்பிடியில் காதை வைத்தாள். அவள் நெற்றி முடி அவன் மணிக்கட்டில் விழுந்தது... அவன் கை அசையவே இல்லை. உள்ளே டிக் டிக் என்று தெளிவாகக் கேட்டது. அதோடு இன்னொன்றும் படபடவென்று அடித்தது. அது அவளுடையது.

"மேல தான் அடிக்குது. கீழ ஒண்ணும் இல்ல. இன்ஜின் திரும்பப் புடிச்சிக்காதுங்க, அந்த பயம் வேணாம்" என்றான்.

அவன் பெயர் சந்திரசேகர். ஊர் பிச்சாட்டூர்.

"ஐ! எங்களுக்கும் பிச்சாட்டூரு தாங்க! ஏரிக்குப் போற ரோட்ல தான் எங்க பங்காளிங்க வீடு. நாங்க தான் இங்க வந்துட்டோம்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்புறம் தலையை மட்டும் ஆட்டினான்.

அன்றிலிருந்து தினமும் முதல் டிரிப்புக்கு முன் சீட்டு அவனுக்கு. சத்தம் கேட்கத்தானே வருகிறான்... வேறு எதற்கு? அவளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். ஆனால் பத்மாவதி தாயார் கோயில் வாசலில் வாங்குகிற பூ கொஞ்சம் கூடியது. ஸ்டாண்டில் தாட்சாயணி அக்கா, "இன்னாடி, இன்ஜினுக்கா பூவு?" என்று கேட்டாள். அவளுக்குக் காது வரைக்கும் சூடானது.

"ஷெட்டுல ஒரு ராத்திரி வண்டிய உட்டா, காலைல சில்லுனு இருக்கும்போது பாத்துடலாம்" என்றான் ஒருநாள்.

"வண்டி ஒரு ராத்திரி வீட்டுக்கு வரலன்னாலே எங்கம்மா வித்துடும்."

"சரி... எடுத்துக்கினு போன அன்னிக்கு இன்னா ஆச்சு? நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"வெள்ளிக்கெழம. பத்தரைக்கு ராகு காலம் வந்துடும். புது இன்ஜினு மாதிரி, ராகு காலத்துல வெளிய எடுத்தா வெளங்குமா? வாசல்ல நின்னு கத்துனேன், சீக்கிரம் மூடுங்க, மூடுங்கனு. அழுகையே வந்துடுச்சு. எப்டியோ பத்தரைக்குள்ள எலுமிச்சம்பழம் நசுக்கி எடுத்துட்டேன்ல!" பெருமையாகச் சொன்னாள்.

திரும்பிப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்திருந்தது.

"அந்த இன்ஜின மூடுனவன் நான் தாங்க. தெரிஞ்சு தான் கேட்டேன்... நானா சொல்ல தைரியம் வரல."

தேவயானி வண்டியை ஓரம் கட்டினாள்.

"ஓட்டிப் பாத்து, ஹெட்டு போல்ட்ட எல்லாம் மறுபடி முறுக்கிட்டு, நல்லா ஆற உடணும். ஆறினப்பறம் தான் வால்வுக்கும் டேப்பட்டுக்கும் நடுவுல கேப் வெக்கணும். இரும்பு சூட்டுல நீளும், ஆறினா சுருங்கும். நீங்க கத்துனீங்க... கொதிக்கக் கொதிக்க வெச்சி மூடிட்டேன். அதான் ஆறினா கேப் ஜாஸ்தியாயி அடிக்குது. சூடானா சரியாயிடுது."

"நான் அங்க எத்தன தபா வந்தேன்!" அவள் குரல் உடைந்தது. "காத காட்டுன்னு சிரிச்சாங்களே... நீங்க உள்ள தான இருந்தீங்க?"

"இருந்தேன்."

"கேட்டுக்கினு சும்மா இருந்தீங்க!"

"வேல போயிடும்னு... வாய தொறக்கலங்க. தப்புதான்."

அவளுக்கு ஆத்திரம். அவன் மேலா, ராகு காலம் ராகு காலம் என்று கத்திய தன் மேலா... அதுதான் புரியவில்லை. தன் மேல் என்று ஒப்புக்கொள்ள ரோஷம் விடுமா? "இனிமே என் வண்டில ஏறாதீங்க" என்று மட்டும் சொன்னாள். அவன் ஏறவில்லை.

அதற்குப் பிறகு வந்த காலைகளை என்ன சொல்ல? முன் சீட்டில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். சத்தம் மட்டும் தவறாமல் வந்தது. இவ்வளவு நாள் அதைக் கேட்டுப் பயந்தவள், இப்போது அதைக் கேட்டு அவனை நினைத்து அழுதாள். நல்ல தலையெழுத்து!

பட்ட காலிலேதானே படும். ஒருநாள் அம்மா வாசலில் கோலம் போடச் சீக்கிரமாக எழுந்து வந்தவள், வண்டி ஸ்டார்ட் ஆனதும் கையில் கோலமாவோடு நிமிர்ந்தாள்.

"இன்னாடி அது, டிக்கு டிக்குனு?"

வீட்டில் இத்தனை நாள் ஒருவர் காதிலும் விழாத சத்தம்... போயும் போயும் அம்மா காதில் விழுந்தது. அடுத்த வாரம் காளஹஸ்தியிலிருந்து ஒருவர் வண்டியைப் பார்க்க வருவதாக அன்றைக்கே ஏற்பாடு. சித்தூருக்கும் போன் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்ற வருகிறார்கள். நைனா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். தேவயானி வாதாடவில்லை. யாரிடம் வாதாடுவது? எதை வைத்து வாதாடுவது? சாப்பிடக்கூடப் பிடிக்கவில்லை. "துன்னுடி, மூஞ்சி வாடிடும்" என்றாள் அம்மா, மாப்பிள்ளை வீட்டாரை நினைத்துக்கொண்டு.

சனிக்கிழமை விடிகாலையில் கதவு தட்டும் சத்தம். திறந்தால்... அவன்! தோளில் பை. தூங்காத கண்.

"வண்டி விக்கறீங்கனு ஸ்டாண்டுல சொன்னாங்க. ஸ்டார்ட் பண்ணிடலையே?" என்றான். "என்னைய திட்டணும்னா அப்பறம் திட்டுங்க. இன்ஜின் ஆறிப்போயி இருக்கு. இப்ப உட்டா ஆவாது."

நைனா உள்ளேயிருந்து, "யாரும்மா?" என்றார்.

"மெக்கானிக்கு நைனா." அவள் கதவை முழுதாகத் திறந்தாள். "சத்தத்த பாக்க வந்தாரு."

நைனா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசல் வரை வந்து உட்கார்ந்தார். சந்திரசேகர் சீட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றி, மெல்லிய தகடு ஒன்றை இடுக்கில் விட்டு விட்டு இழுத்துப் பார்த்தான். திருகினான். மறுபடி இழுத்தான். தேவயானி செல்போன் வெளிச்சம் பிடித்தாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நாளைக்கு இந்நேரம் தன் வீட்டில் வேறு யாரோ இருப்பார்கள் என்ற நினைப்பு வந்ததும் வெளிச்சம் ஆடியது.

"நேரா புடிங்க" என்றான் மெதுவாக.

மூடினான். "இப்ப போடுங்க."

சாவியைத் திருகினாள். இன்ஜின் எழுந்தது. டிக் இல்லை... ஒன்றுமே இல்லை. நைனாவின் முகம் எத்தனையோ மாசம் கழித்து மலர்ந்தது. "அடேங்கப்பா! நான் வாங்குனப்போ ஓடுன மாதிரியே ஓடுதே!" என்றார்.

அம்மாவுக்கே சந்தோஷம். "உக்காருப்பா, காபி போடறேன்" என்று அடுப்பில் பாலை வைத்தாள். அங்கிருந்தே, "எந்த ஊருப்பா நீ?" என்று கேட்டாள்.

"பிச்சாட்டூருங்க."

"அட, நம்ம ஊரா! பிச்சாட்டூருல எந்தப் பக்கம்?"

அவன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான். கை நின்றது. பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"காலனிங்க."

உள்ளே ஸ்டவ்வை அணைக்கிற சத்தம் கேட்டது. காபி வரவில்லை. அம்மாவும் வெளியே வரவில்லை. நைனா தலையைக் குனிந்துகொண்டார். தேவயானிக்குத் தரை பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

அவன் பையைத் தோளில் மாட்டினான். "சத்தம் இனிமே வராதுங்க. பயப்படாம ஓட்டுங்க" என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தான்.

"ம்மா... வண்டி தான் சரியாயிடுச்சே. மாமா வீட்ட வர வேணாம்னு சொல்லு."

"வண்டி சரியானா இன்னா? வாக்கு குடுத்தது குடுத்தது தான்" என்றாள் அம்மா. பாலைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

ஓ... அப்படியா! தேவயானி அங்கேயே நின்றாள். அப்புறம் ஒன்றும் பேசாமல் போய் வண்டியில் ஏறினாள்.

ஸ்வர்ணமுகிப் பாலத்துக்கு முன்னால் அவனைப் பிடித்துவிட்டாள். தூறல் ஆரம்பித்திருந்தது.

"ஏறுங்க."

"வேணாங்க. நாலு பேரு பாப்பாங்க."

"ஷேர் ஆட்டோல ஏறுறதுக்கு நாலு பேர கேக்கணுமா? ஏறுங்க!"

ஏறினான். பாலத்தோரம் வண்டியை நிறுத்தினாள். ஆற்றில் புதுத் தண்ணீர் கலங்கலாக ஓடியது. இரண்டு பேருக்கும் நடுவில் வண்டி அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த அமைதி தாங்காமல் அவள் அழுதாள்.

"இந்தச் சத்தம் போனா என் கஷ்டம் போயிடும்னு நெனச்சிக்கினு இருந்தேன். போயிடுச்சு... ஒண்ணுமே மாறல. நாளைக்கு அவங்க வராங்க."

"தெரியும். ஸ்டாண்டுல அதையும் சொன்னாங்க."

"அவ்ளோ தானா? தெரியும்னா?"

அவன் ஆற்றைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நான் ராகு காலத்துக்கெல்லாம் பயப்படற ஆள் இல்லங்க. ஆறட்டும், போயி அப்பறம் வாங்கனு அன்னிக்கே சொல்லிருப்பேன். வாசல்ல நீங்க கண்ணுல தண்ணியோட நின்னீங்க... பாக்க முடியல. அழ உடக் கூடாதுனு தான் சூட்டோட மூடுனேன். அதுவே உங்கள இத்தன நாளு அழ வெச்சிடுச்சு. அப்பறம் ஒரு மழைல ஓடி வந்து ஏறுனா, அது உங்க வண்டி. புடிச்சிருக்குங்க. அன்னிலேந்தே. சொல்லக் கூடாதுனு தான் தெனமும் வந்தேன்."

"சொல்லக் கூடாதுனா எதுக்கு வரணும்?"

"சொல்லாம பாத்துக்கினாவது இருக்கலாம்னு..."

அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அதுவும் போய்விட்டது.

"எங்கம்மா இன்னிக்கும் உங்க பங்காளிங்க நெலத்துல தாங்க நாத்து நடுது" என்றான். "நான் வந்து பொண்ணு கேட்டா நடக்கறதா இது? என்னைய உடுங்க... உங்கள தான் அடிப்பாங்க. நீங்க சித்தூருக்கே போயிடுங்க. நல்லா இருப்பீங்க."

அவள் அவனையே பார்த்தாள். அந்த நீள இமைகளில் இன்றும் ஈரம். ஆனால் அது மழைத்தண்ணீர் இல்லை.

"ஷெட்டுல வாய தொறக்கல. இப்பவும் தொறக்க மாட்டீங்க. அப்டித் தான?"

அவள் வண்டியைத் திருப்பினாள்.

"எங்க போறீங்க?"

"வீட்டுக்கு."

"வேணாங்க... தேவயானி, வேணாம்!"

முதல் முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். எப்படிப்பட்ட நேரத்தில் பாருங்கள்! அவள் நிறுத்தவில்லை. வண்டி ஒழுங்காக ஓடியது.

வாசலில் அம்மா நின்றிருந்தாள். நைனா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். எதிர் வீட்டுக் குழாயடியில் நான்கைந்து பேர். தேவயானி இறங்கினாள். குரல் வருமா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது... வந்தது.

"ம்மா, மாமா வீட்டுக்குப் போன் பண்ணி வர வேணாம்னு சொல்லிடு. நான் இவர தான் கட்டிக்குவேன். அடிச்சாலும் சரி, வீட்ட உட்டுத் தொரத்துனாலும் சரி."

குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை. அம்மாவின் முகம் செத்துப்போனது. நைனா நிமிர்ந்து பார்க்கவில்லை. இனி இந்த வீட்டில் தனக்கு என்ன மிச்சம் இருக்கும் என்று தேவயானிக்குத் தெரியவில்லை. ஒன்றும் இருக்காது என்றுதான் தோன்றியது.

வண்டிக் கதவு திறக்கும் சத்தம். சந்திரசேகர் இறங்கி வந்து அவள் பக்கத்தில் நின்றான். தலை குனியவில்லை.

"நானும் இவங்கள விரும்பறேங்க" என்றான், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி.